சூசையப்பர் எழுந்த இரவு

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையைத் திருச்சபை திருக்குடும்பத் திருவிழாவாகக் கொண்டாடுகிறது. கிறிஸ்துமஸ் நாளே ஞாயிறாக அமைந்துவிட்டால் அவ்வாண்டு இத்திருவிழா டிசம்பர் 30ஆம் நாளுக்கு மாறும். பலர் இந்த ஏற்பாட்டைக் கவனிப்பதில்லை. பலகாரப் பாத்திரம் காலியாகி, குடிலில் வைத்த வைக்கோல் உதிரத் தொடங்கி, வீடு பெருக்குவதே பெரும்பாடாக இருக்கும் நாட்கள் அவை. அந்த ஞாயிறு பூசைக்குப் பாதிக் கோயில்தான் நிறையும்.

ஆனால் கடலூரில் வாழ்ந்த நாங்கள் அத்திருவிழாவை மறக்க முடியாது. ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அன்று திருக்குடும்பத் திருவிழா. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய 2011 டிசம்பர் 30 வெள்ளிக்கிழமை. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் ஞாயிறன்று வந்தமையால் அன்றும் திருக்குடும்பத் திருவிழாவே. ஏழு ஆண்டு இடைவெளியில், ஒரே கடற்கரையில், ஒரே திருநாளில் இரண்டு பேரிடர்கள்!

இதில் ஏதோ மறைபொருள் இருக்க வேண்டும் என்று எங்கள் உறவினர் ஒருவர் வெகுநாள் வாதாடினார். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. கடலுக்கும் காற்றுக்கும் வழிபாட்டு நாட்காட்டி தெரியாது. வடகிழக்குப் பருவக்காற்றின் நாட்களில் வங்கக்கடல் புயலை அனுப்புவது புதிதும் அல்ல. எனினும் அவ்விரு நாட்களிலும் கோயில்களில் வாசிக்கப்பட்ட நற்செய்திப் பகுதிகள் எங்கள் நெஞ்சை விட்டு அகலவில்லை. துன்ப நாட்களில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் ஆண்டவரை நம்புவது என்றால் என்ன என்று மலர்க்குழுவினர் எங்களை எழுதச் சொன்னபோது, அந்த இரண்டு வாசகங்களே முதலில் நினைவுக்கு வந்தன. எங்கள் பெண்கள் இருவரும் இப்பள்ளியில் படித்தவர்கள். அந்த உரிமையில் மனத்தில் பட்டதைச் சொல்கிறோம். எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

2004ஆம் ஆண்டு அந்த ஞாயிறு காலையில் வாசிக்கப்பட்டது, சூசையப்பர் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குத் தப்பிச் சென்ற பகுதி. காலைப் பூசையில் அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பியவர்கள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். சுமத்திரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29 மணிக்கு. நம் கரைக்கு அலை வந்தது எட்டரை மணிக்குமேல். இடையே இரண்டு மணி நேரம் இருந்தது. ஆனால் செய்தி சொல்ல ஒருவரும் இல்லை. ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் நம் நாட்டில் அப்போது கிடையாது. 2007 அக்டோபரில்தான் ஐதராபாத்தில் அது செயல்படத் தொடங்கியது.

தாழங்குடா, தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் என்று நகரையொட்டிய குப்பங்களும், தெற்கே சாமியார்பேட்டை, புதுப்பேட்டை வரையிலான ஊர்களும், சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக்குக் கிழக்கே மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டும் சில நிமிடங்களில் உருக்குலைந்தன. மாவட்டத்தில் மட்டும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். நாகை மாவட்டத்தின் எண்ணிக்கை இதைப்போல் பல மடங்கு.

அதற்குப் பிந்திய நாட்களில் நம்மவர் வாயில் ஒரு பேச்சு அடிக்கடி வந்தது. "செபித்தோம், பிழைத்தோம்." "பூசைக்குப் போயிருந்ததால் தப்பினோம்." "வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, பார்த்தீர்களா?" நாங்களும் இப்படிப் பேசியவர்கள்தாம். பிழைத்தவர் நன்றி சொல்வது இயல்பு. அதைக் குறை சொல்ல நாங்கள் யார்? ஆனால் தேவனாம்பட்டினத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் மீன் விற்றுவந்த ஒரு பெண்மணியின் முன்னிலையில் ஒருநாள் இப்பேச்சு எழுந்தது. அவள் தன் இரண்டு பிள்ளைகளில் ஒன்றைப் பறிகொடுத்தவள். அவள் கோபப்படவில்லை. "நாங்களும் கும்பிட்டுக்கிட்டுத்தாம்மா இருந்தோம்" என்று மட்டும் சொன்னாள். அவள் நம் மறையைச் சேர்ந்தவள் அல்ல. அலையில் இறந்த நம் மாவட்டத்தாரில் பெரும்பாலோர் நம் மறையினர் அல்லர். அவர்கள் கும்பிடாதவர்களா? வேளாங்கண்ணியில் கரையோரம் நின்றிருந்து மாண்ட திருப்பயணிகள் வேறு எதற்காக அவ்வளவு தூரம் போனார்கள்? செபிப்பதற்கென்றே வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் அல்லவா அவர்கள்!

அன்றிரவு அந்த நற்செய்திப் பகுதியை மீண்டும் எடுத்துப் படித்தோம். திருவிழாப் பூசையில் வாசிக்கும்போது நடுவில் மூன்று வசனங்கள் விடப்படுகின்றன என்பதை அப்போதுதான் கவனித்தோம். அந்த மூன்றும் பெத்லகேம் குழந்தைகள் கொல்லப்பட்டதைச் சொல்பவை. அவற்றை மாசில்லாக் குழந்தைகள் திருநாளான டிசம்பர் 28ஆம் நாளில் தனியே வாசிக்கிறார்கள். ஒரு குடும்பம் எகிப்துக்குத் தப்பியது. அதே ஊரில் மற்றக் குடும்பங்களின் குழந்தைகள் தப்பவில்லை. தப்பிய குடும்பம் செபித்ததென்றும், தப்பாத குடும்பங்கள் செபிக்கவில்லையென்றும் மத்தேயு எழுதவில்லை. அந்தத் தாய்மாரின் அழுகையை அவர் மறைக்கவும் இல்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று விடையும் கூறியிருக்கிறார். இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட பின்னும், பிறர் துன்பத்துக்குக் காரணம் கற்பிக்க நமக்கு நா துடிக்கிறதே!

யோபுவின் நண்பர்கள் மூவரும் இந்தக் குற்றத்தைச் செய்தவர்களே. என்றாலும் அவர்களைப்பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. அவர்கள் வந்தவுடன் பேசவில்லை. ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் வாளா உட்கார்ந்திருந்தார்கள். அதோடு எழுந்து போயிருந்தால் அவர்களைப்போல் நண்பர்கள் உலகில் இல்லை என்று பேர் வாங்கியிருப்பார்கள். எட்டாம் நாள் வாயைத் திறந்ததில் வந்தது வினை.

ஆண்டவரை நம்புவது என்பது அவரோடு ஒப்பந்தம் போடுவதன்று. நான் இத்தனை செபமாலை சொல்கிறேன், நீர் எனக்கு இன்னின்னதைத் தாரும் என்பது வியாபாரம். தேர்வுக்கு முதல்நாள் அந்தோணியாருக்கு எத்தனை மெழுகுவர்த்தி என்று விலை பேசும் மாணவியர் இன்றும் இருப்பார்கள் என்று நினைக்கிறோம். எங்கள் காலத்தில் நாங்களும் பேசினோம். கணக்குத் தேர்வுக்கு மட்டும் விலை சற்று அதிகம்! பதினாறு வயதில் அது வேடிக்கை. நாற்பது வயதில், வேலை போய், வீட்டில் அரிசி குறைந்து நிற்கும்போது அதே பழக்கம் வேடிக்கையாக இருப்பதில்லை. கேட்டது கிடைக்காவிட்டால் அவர் இல்லை என்று தோன்றும். அல்லது நாம் தீயவர் என்று தோன்றும். இரண்டும் பொய்.

இனிச் சூசையப்பரிடம் வருவோம். நற்செய்தியில் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. கனவில் தூதர் ஆபத்தைச் சொல்கிறார். அவர் எழுகிறார். அப்போது இரவு, விடியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. எத்தனை நாள் அங்கே இருக்க வேண்டும் என்பது அவருக்குச் சொல்லப்படவில்லை. திரும்பச் சொல்லும்வரை இரு என்பதே கட்டளை. தச்சுப் பட்டறையையும் தெரிந்த மனிதர்களையும் விட்டு, மொழி தெரியாத நாட்டுக்குக் கைக்குழந்தையோடு ஒரு பயணம். அவர் மனத்தில் ஐயமே எழவில்லை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுந்தார், அழைத்துச் சென்றார் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆபத்து உண்மை என்று அறிந்தவுடன் அதற்குரிய அடுத்த காரியத்தைச் செய்த மனிதர் அவர். அவருடைய நம்பிக்கை முழுவதும் அந்த எழுதலில் இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

இந்தச் சூசையப்பரைத் தலைவராக வைத்துத் தமிழில் ஒரு பெருங்காப்பியமே இருக்கிறது என்பதை மாணவியர் பாடநூலில் படித்திருப்பீர்கள். வீரமாமுனிவரின் தேம்பாவணி, 3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. எகிப்துப் பயணமும் அங்கே திருக்குடும்பம் வாழ்ந்த வாழ்வும் அதில் விரிவாகப் பாடப்பட்டுள்ளன. விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு அவர் எழுப்பிய ஆலயம் நம் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. இத்தாலியில் 1680இல் பிறந்து, இந்நாட்டுக்கு வந்து, மீண்டும் சொந்த ஊரைப் பார்க்காமலே 1747இல் இங்கேயே மறைந்தவர் அவர். அயல்நாட்டில் குடியிருந்த தச்சர் குடும்பத்தின் கதை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனதில் வியப்பென்ன?

எழுவது என்று சொன்னோம். அதை ஒட்டி, பெற்றோர்களுக்கும் அருட்கன்னியருக்கும் ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறோம். ஆழிப்பேரலைக்குப்பின் ஆக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் வெளியிட்ட அறிக்கையில் நம் மாவட்டத்தைப்பற்றி ஒரு கணக்கு வந்தது. இறந்தவர்களில் பெண்கள் 391 பேர். ஆண்கள் 146 பேர். ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று! ஏன்? ஆண்கள் பலர் கடலில் படகில் இருந்தார்கள்; ஆழ்கடலில் அந்த அலை உயரமாக எழுவதில்லை. பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள், அல்லது பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார்கள். ஓடும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சேலை காலைச் சுற்றியது. அவர்களுக்கு நீந்தத் தெரியாது. மரம் ஏறத் தெரியாது. கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தும், அந்த இரண்டும் ஆண்பிள்ளைகளின் வித்தை என்று அவர்களுக்குக் கற்றுத்தரப்படவில்லை.

கெடிலத்திலும் பெண்ணையாற்றிலும் நம் வீட்டுப் பையன்கள் குதித்து விளையாடியபோது, பெண்பிள்ளைகள் கரையில் துணிகளைக் காவல் காத்தார்கள். நம் வீடுகளிலும் அப்படித்தானே? பெண்பிள்ளைக்கு நீச்சல் எதற்கு என்று கேட்டுவிட்டு, ஆபத்து வந்தபின் ஆண்டவர் கைவிட்டார் என்பது நேர்மையா? தூதர் வந்து சொன்னதை எல்லாம் நாம் கேட்கவே இல்லையே! இப்பள்ளியில் தையலும் சமையலும் பாட்டும் நன்றாகக் கற்றுத்தரப்படுகின்றன. நீச்சலும் சேர்ந்தால், அதுவும் பக்திதான் என்று நாங்கள் வாதிட ஆயத்தமாக இருக்கிறோம்.

சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. அப்பெயர் தில்லை மரத்தால் வந்தது. அம்மரமும் சுரபுன்னையும் பிச்சாவரத்துக் கழிமுகத்தில் வேரூன்றி நிற்கின்றன. அலை வந்த நாளில் அந்த அலையாத்திக் காடுகளுக்குப் பின்னே இருந்த ஊர்கள் பெருஞ்சேதமின்றித் தப்பின. முன்னே வெறும் மணலில் இருந்த குடியிருப்புகள் போய்விட்டன. இதை ஆராய்ந்தவர்கள் 2005இல் சயன்ஸ் என்னும் அறிவியல் இதழில் எழுதினார்கள். எத்தனையோ காலமாகச் சேற்றில் நின்ற மரங்கள்! யாரும் அவற்றுக்கு நன்றிப் பூசை வைத்ததாகத் தெரியவில்லை. அலை ஓய்ந்ததும் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் உலை ஏற்றி, சுற்று வட்டாரக் குப்பத்து மக்களுக்கு நாள்கணக்கில் சோறு போட்டதையும் இங்கே சொல்லாமல் விட்டால் பாவம். ஆண்டவரின் பராமரிப்பு என்று நாம் வாயால் சொல்வது, பசித்த வயிற்றுக்கு அன்று இப்படித்தான் வந்து சேர்ந்தது.

இனி எங்கள் சொந்தக் கதை. எழுதலாமா வேண்டாமா என்று இருவரும் இரண்டு நாள் தர்க்கம் செய்தோம்.

தானே புயலின்போது நாங்கள் கடலூரில் வாடகை வீட்டில் இருந்தோம். 30ஆம் தேதி விடியலில் காற்று போட்ட கூச்சலை இன்று நினைத்தாலும் உடல் நடுங்கும். பின்கட்டு ஓடுகள் பறந்தன. வேப்பமரம் சமையலறைமேல் சாய்ந்தது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து, தலைமுறைச் சொத்து ஒரு காலைப்பொழுதில் போனவர்களை எண்ணும்போது எங்கள் இழப்பு ஓர் இழப்பே அன்று. ஆனால் அடுத்த ஆண்டு நடுவில், குடும்பத்தலைவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டது. கடைசி மூன்று மாதச் சம்பளமும் வரவில்லை. நாற்பத்திரண்டு வயதுக்காரரை வேறு எங்கும் எடுப்பாரில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு சிதம்பரத்தில் வடக்கு வீதிக்கு அப்பால் இருந்த தாய்வீட்டுக்குக் குடிபோனோம். கழுதைமேல் அல்ல, மினி லாரியில். மற்றபடி அது எங்கள் எகிப்துதான். பெண்கள் இருவரும் படிப்பை மாற்ற வேண்டாம் என்று விடிகாலைப் பேருந்தில் முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாகக் கடலூருக்கு வந்து படித்தார்கள். தினமும் போக வர மூன்று மணி நேரம்.

அந்த ஏழெட்டு மாதங்களில் நாங்கள் செய்த பெரிய தவறு ஒன்று உண்டு. பிள்ளைகளிடம் எதையும் சொல்லவில்லை. "அப்பா லீவில் இருக்கிறார்" என்றோம். "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சிரித்தோம். அதை நம்பிக்கை என்று நாங்களே நம்பினோம். நகைகள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போயின. ரசீதுகளைச் செபப்புத்தகத்துக்குள் மறைத்துவைத்தோம். அதைவிடப் பத்திரமான இடம் ஏது என்ற எண்ணம்! வீட்டில் தினமும் மாலை செபத்துக்கு அந்தப் புத்தகத்தை எடுப்பவள் மூத்தவள் என்பது அப்போது புத்திக்கு எட்டவில்லை.

அக்டோபர் மாதம், செபமாலை மாதம். ஒருநாள் வகுப்பாசிரியையான அருட்சகோதரி எங்களை வரச்சொன்னார். போனோம். கட்டணப் பாக்கியைக் கேட்பார் என்று பயந்து போனோம். அவர் கேட்டது வேறு. மூத்தவள் இரண்டு வாரமாக மதிய உணவு உண்பதில்லை. டப்பாவைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுக் கோயிலில் போய் உட்கார்ந்திருக்கிறாள். ஏன் என்று தெரியுமா என்றார். எங்களுக்குத் தெரியாது. அவளையே கூப்பிட்டுக் கேட்டோம். வெகுநேரம் பேசாமல் நின்று, பிறகு சொன்னாள்: "அப்பாவுக்கு வேலை கிடைக்கிற வரைக்கும் சாப்பிட மாட்டேன்னு மாதாகிட்ட நேர்ந்துகிட்டேன். இன்னும் கிடைக்கல. நான் ஏதோ சரியா பண்ணல போலிருக்கு."

பதின்மூன்று வயதுப் பெண்! அவள் பார்த்த ரசீதுகளைப்பற்றி யாரிடமும் கேட்க அவளுக்கு வழியில்லை; நாங்கள்தாம் சிரித்துக்கொண்டிருந்தோமே. ஆகவே தனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆண்டவரோடு ஓர் ஒப்பந்தம் போட்டாள். அது பலிக்காதபோது குற்றத்தைத் தன்மேலே ஏற்றிக்கொண்டாள். அந்த அருட்சகோதரி எங்களை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அவளை மடத்துச் சமையலறைக்கு அழைத்துப்போய், ரசம் சோறு பிசைந்து முன்னால் வைத்து, "மாதா உன் அம்மா, உன்னைப் பட்டினி போட்டா அவங்களுக்கு என்ன கிடைக்கப்போகுது?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு சிதம்பரத்து வீட்டில், பாட்டி முன்னிலையில், பிள்ளைகள் இருவரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னோம். எவ்வளவு கடன், எந்தெந்த நகை, இன்னும் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம், யார் யாரிடம் கேட்டாயிற்று என்று விவரமாகச் சொன்னோம். சின்னவளுக்கு வயது ஏழு. அவள் கேட்ட ஒரே கேள்வி: "அப்ப நாம ஏழையா?" ஆமாம் என்றோம். "சரி" என்றாள். அந்தச் "சரி"யைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. தானே வந்த நாளில் கோயிலில் வாசித்த நற்செய்தி, குழந்தையைக் கோயிலில் காணிக்கையாக்கிய பகுதி. அதில் தாயும் தந்தையும் கொடுத்தது புறாக்களே. ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாத ஏழைகளுக்குச் சட்டம் அனுமதித்த காணிக்கை அது. திருக்குடும்பம் அதை ஒளித்துவைக்கவில்லை. மரியன்னைக்குச் சிமியோன் முன்னறிவித்த துயரத்தையும் நற்செய்தி இனிப்புத் தடவிக் கொடுக்கவில்லை. குழந்தையின் தாயிடமே நேராகச் சொல்லப்பட்டது அது.

எதிர்வீட்டில் ஓர் அம்மாள் இருந்தார். நடராசர் கோயிலுக்குத் தினமும் போகிறவர். மார்கழியில் திருவாதிரைத் தேர் ஓடும்போது எங்கள் பிள்ளைகளைக் கீழவீதிக்கு அழைத்துப்போய்க் காட்டுவார். அவர் பேரப்பிள்ளைகள் எங்கள் வீட்டுக் குடிலைப் பார்க்க வருவார்கள். விஷயம் எப்படியோ அவர் காதுக்கு எட்டி, ஒரு நாள் மாலை முறத்தில் அரிசியோடு வந்தார். "நடராஜர் பாத்துக்குவாரும்மா. நீ மொதல்ல பிள்ளைங்களுக்கு வடிச்சுப் போடு" என்றார். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அந்த ஆண்டில் எத்தனையோ பேர் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். அரிசியோடு சொன்னவர் அவர் ஒருவரே. நாங்கள் வேறு மறையினர் என்பது அவருக்கு ஒரு தடையாகத் தோன்றவே இல்லை. கைநீட்டி வாங்கத்தான் எங்களுக்குச் சிறிது நேரம் பிடித்தது. கொடுப்பதற்கு மறைக்கல்வியில் நன்றாகப் பழக்குகிறோம். வாங்குவதற்கும் பழக்க வேண்டும் என்று அன்றுதான் பட்டது.

பிப்ரவரியில் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதி. சிதம்பரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. அவள் பட்டினி கிடந்ததால் கிடைத்தது என்று நாங்கள் சொல்லமாட்டோம். பட்டினியை விட்டதால் கிடைத்தது என்றும் சொல்லமாட்டோம். எங்களைப்போலவே செபித்த, அதே தொழிற்சாலையில் வேலை இழந்த வேறொரு குடும்பத்தலைவருக்கு இரண்டு ஆண்டு எதுவும் அமையவில்லை. அவர் எங்களைவிட நல்லவர். இதற்கு விளக்கம் எங்களிடம் இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் விருப்பமில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அந்த இருட்டில் நாங்கள் தனியாக இல்லை என்பது. அதையும் அந்த நாட்களில் உணர்ந்தோம் என்று சொன்னால் பொய். பின்னால் திரும்பிப் பார்த்தபோதுதான் உணர்ந்தோம்.

2015 நவம்பரில் பெருமழை வந்தது. நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2020இல் கொள்ளைநோய் வந்தது. அவற்றை விரித்து எழுதினால் மலர் கொள்ளாது. ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டில் முதலில் நடந்தது, எல்லாரும் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி பேசியதுதான். மூத்தவள் இப்போது வேறு ஊரில் செவிலியாகப் பணி செய்கிறாள். அங்கே போய்ச் சேர்ந்த முதல் மாதமே, இருபத்திரண்டு வயதில், நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். தண்ணீரைக் கண்டால் இன்னும் பயம்தான் என்று எழுதியிருந்தாள், ஆனாலும் இறங்குகிறாளாம்.

அடகு வைத்த சங்கிலி மீண்டுவிட்டது. வளையல்கள் ஏலத்தில் போயின. அந்த வளையல் ரசீதை நாங்கள் கிழிக்கவில்லை. செபப்புத்தகத்தில் சூசையப்பர் மன்றாட்டு உள்ள பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அந்த இரவிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கமும் வந்தது. சனிக்கிழமை மாலை செபமாலை முடிந்ததும், முழங்காலிலிருந்து எழுவதற்குமுன் வரவு செலவு நோட்டை எடுத்து வாசிப்போம். அந்தப் பொறுப்பைச் சின்னவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் வாரம், கோயிலில் விசுவாசிகள் மன்றாட்டு வாசிக்கும் அதே இராகத்தில், "பால்காரருக்கு முந்நூற்று நாற்பது ரூபாய் பாக்கி இருக்கிறது, ஆண்டவரே" என்று இழுத்தாள். பாட்டி வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டே, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார். வெகுநேரம் சிரிப்பு அடங்கவில்லை. பால்காரருக்குப் பணம் வியாழக்கிழமை கொடுத்தோம்.